மாத்திரை கரையும் வரை

என் கிலுகிலுப்பைக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நான் இருக்கிறேன். கால் வீக்கம் வற்றிவிட்டது. அடுத்த வரியில் நீ நலமா என்று எழுத வேண்டும் என்பார்கள். எழுதப் போனேன், பேனா நின்றுவிட்டது.

நீ இருந்தவரைக்கும் உனக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. எங்கே தூரம் போனாய் நீ? காலையில் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போவாய், சாயங்காலம் வருவாய். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய கதையில் பாதி முடிந்திருக்கும். தொட்டிலில் கிடந்த காலத்திலேயே அப்படித்தான். அதனால்தானே இந்தப் பெயர். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். பள்ளிக்கூடத்தில் நான் படித்த கொஞ்சப் படிப்பு, சலவைக்கு வரும் துணியில் அடையாளம் போடத்தான் இதுவரை உதவியது.

முதலில் கடைச் சமாசாரம். பெரிய மெஷின் மறுபடியும் துணி பிழிகிறபோது நடக்க ஆரம்பித்துவிட்டது. விட்டால் கதவு வரைக்கும் வந்துவிடுகிறது. நீ இருந்திருந்தால், "அம்மா, அது வேலையை விட்டுட்டுக் கிளம்புது, கணக்கை முடிச்சு அனுப்பு" என்று சொல்லியிருப்பாய். முதியோர் இல்லத்து விரிப்புகள் இன்னும் நம்மிடம்தான் வருகின்றன. மூட்டை கொண்டுவரும் வண்டிக்காரத் தம்பி போன வாரம் ஒன்று சொன்னான். நீ பட்டாளம் என்று கூப்பிடுவாயே, அந்தப் பெரியவர், தினமும் உன்னைக் கேட்கிறாராம். "வாயாடி எங்கே, வாயாடி எங்கேன்னு உயிரை வாங்குறாருக்கா. லீவுல இருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றான். நல்லது, அப்படியே சொல்லப்பா என்றேன். வேறு என்ன சொல்வது.

அவரைக் குளியலறையில் வழுக்கி விழாமல் பிடித்தபோதுதானே உன் முதுகு போனது. அதிலிருந்து நடந்ததை நான் இதுவரை வாய்விட்டு ஒருவரிடமும் சொன்னதில்லை. உன் மாமா சொல்லவிடவில்லை. நெஞ்சு வலி, தூக்கத்தில் போய்விட்டாள் என்று அவன் தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டான். என் தம்பி ஆயிற்றே, அவன் சொன்னதையே நானும் தலையாட்டி வைத்தேன். ஆனால் சொல்லாத பேச்சு வயிற்றில் கல் மாதிரி கிடக்கிறது. உனக்குத் தெரிந்த கதையைத்தான் உனக்கே சொல்கிறேன். கேட்டுக்கொள்.

முதுகுக்கு அந்த டாக்டர் கொடுத்த வலி மாத்திரை அபின் வகையைச் சேர்ந்தது என்று நமக்கு யார் சொன்னார்கள்? வலி போனது, நீ மறுபடியும் வேலைக்குப் போனாய், அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு ஒருநாள் இனிமேல் கிடையாது என்று ஒரேயடியாக நிறுத்திவிட்டார். உன் கை கால் உதறியதையும், வேர்வையில் படுக்கை நனைந்ததையும், மூக்கு ஒழுக நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததையும் நான் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். நீ அதையும் குடித்தாய். அப்புறம் நீ வெளியே எங்கேயோ வாங்க ஆரம்பித்தாய். யாரிடம், எப்படி என்று நான் இப்போதும் கேட்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்த நாக்கு மாத்திரை கிடைத்த பிறகுதான் நீ எனக்குத் திரும்பக் கிடைத்தாய். இது போதை ஏற்றாது, உடம்பு பழைய மாத்திரையைக் கேட்டு அலறாமல் பார்த்துக்கொள்ளும், நாள் தவறாமல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். இரண்டே வாரத்தில் நீ சண்டை போட்டுச் சாப்பிட்டாய். துணி மடிக்கும்போது பாடினாய். அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது.

உன் மாமாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "ஒரு கழுதையை விட்டுட்டு இன்னொரு கழுதை மேல ஏறியிருக்கே. எப்போம்மா இதையும் விடப் போறே?" என்று வந்த போதெல்லாம் கேட்பான். நீ விடுவாயா? "நீங்க பிரஷர் மாத்திரையை நிறுத்துங்க மாமா, நானும் நிறுத்தறேன். ரெண்டு பேரும் ஜோடி போட்டுக்கிட்டே போய்ச் சேரலாம்" என்றாய். அவனே சிரித்துவிட்டான். இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவனாலும் என் முகத்தை.

இரண்டு பஸ் மாறி தினமும் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற அந்த ஜன்னலுக்குப் போனோம். கடையைத் திறக்காமல் நானும் உன்னோடு வந்தேன். உனக்குக் காவல் என்று நினைத்தாய். இல்லையடி. அந்தப் பத்து நிமிஷத்துக்காக வந்தேன். மாத்திரை நாக்குக்கு அடியில் கரைகிறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. பிறந்ததிலிருந்து நீ பேசி நான் கேட்டேன். இப்போதுதான் எனக்கு நேரம் வந்தது. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது, போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவது, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கொட்டாவி விட்டது என்று சேர்த்து வைத்த திட்டையெல்லாம் அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டேன். நீ புருவத்தாலேயே பதில் சொல்வாய். ஒரு புருவம் தூக்கினால் சரி. இரண்டும் தூக்கினால் உளறாதே. கண்ணை மூடிக்கொண்டால், எனக்குப் பேச்சு வரட்டும், உனக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

அங்கே தரை துடைக்கிற அம்மாள் உன்னை ஊமை என்றே நினைத்துக்கொண்டாளே, ஞாபகம் இருக்கிறதா? பாவம், தினமும் கையாலும் கண்ணாலும் ஜாடை காட்டி நலம் விசாரிப்பாள். நீயும் விடாமல் ஜாடையிலேயே அவளுக்குக் குடும்பக் கதை முழுக்கச் சொன்னாய். ஒருநாள் அவள் துடைத்த ஈரத்தில் அவளே வழுக்கப் போனாள். நீ "அக்கா, பாத்து!" என்று கத்தினாய். மாத்திரை வாயிலிருந்து தெறித்து அவள் வாளியில் விழுந்தது. மருந்து கொடுப்பவர், நீ மாத்திரையை ஒளித்து வெளியே விற்கப் பார்க்கிறாய் என்று சத்தம் போட்டார். அந்த அம்மாள்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கே போய், "நல்லாப் பாருங்க சார், உள்ள மிதக்குது. ஊமைக்கே பேச்சு வந்துடுச்சு, நீங்க மாத்திரைக்கு அழுவறீங்க" என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு சிரிக்க முடியாமல் தவித்தார்கள். உன் பக்கத்தில் மாத்திரைக்கு உட்காருகிற உயரமான பெண், நீ நெட்டை என்று கூப்பிடுவாயே, அவளுக்கு மூக்கு வழியாகத் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு அந்த மழை வந்தது. பாலத்தை மூடினார்கள். பஸ் இல்லை. நாம் நடந்து பாதி வழி போய், இடுப்பளவு தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். தண்ணீர் வடிந்ததும் ஜன்னலுக்குப் போய் நின்றபோது, நாள் தவறிவிட்டது, டாக்டர் பார்த்து முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும், அவர் செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்று சொல்லி ஜன்னலை மூடிவிட்டார்கள். நான் கெஞ்சினேன். "ரூல்ஸ்மா, நான் என்ன பண்றது" என்றார் அந்த மனிதர். அவரும் கெட்டவர் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. வாயில் மாத்திரை இல்லாமலேயே பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழையபடி வெளியே எங்கேயோ போய் வந்தாய், மத்தியானம் குளிக்கப் போனாய். தண்ணீர்ச் சத்தம் நிற்கவே இல்லை.

போதும். அதற்கு மேல் உனக்கே தெரியும்.

இதை இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. நம் கடைக்குப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறாள். உன் வயதுதான் இருக்கும். நேற்று தன் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு வாங்கக் கடைக்கு வந்தாள். அந்த நாக்கு மாத்திரையை இனிமேல் சின்ன ஆஸ்பத்திரிகளிலேயே கொடுக்கலாம் என்று விதியை மாற்றிவிட்டார்களாம். ஆனால் அதற்கு வருகிறவர்கள் தெருவில் வரிசையாக நிற்கக் கூடாது என்று தெருச் சங்கம் மறுக்கிறதாம். ஆஸ்பத்திரிக்குப் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் உண்டு, அது நம் முற்றத்தைப் பார்த்துத்தான் திறக்கும். நாம் துணி காயப்போடுகிற முற்றத்தை. அந்த வழியைக் கொடுப்பீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். உன்னைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. மாமா சொன்ன நெஞ்சு வலிதான் தெரியும்.

நாள் தவறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "என்ன செய்யறது? மறுநாளே வரச் சொல்லி மறுபடி ஆரம்பிச்சுடுவோம்மா. நான் தினமும் இங்கதானே இருக்கேன்" என்றாள், ரொம்பச் சாதாரணமாக. இஸ்திரிப் பெட்டியின் அடியில் இருந்தது அவளுடைய வெள்ளைக் கோட்டுதான். புகை வந்த பிறகுதான் பார்த்தேன். முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு துணியைப் பொசுக்கியதில்லை. அவள் பரவாயில்லை என்று அதையே போட்டுக்கொண்டு போனாள்.

இன்று நெட்டை வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நீ பெரிய ஆஸ்பத்திரியில் விட்ட குடையைக் கொடுக்க வந்தாள். கண் உள்ளே போயிருக்கிறது. ரொட்டிக் கம்பெனியில் காலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்களாம். பெரிய ஆஸ்பத்திரி ஜன்னல் திறக்கிற நேரத்தில் அவள் மாவு மெஷின் முன்னால் நிற்க வேண்டும். "வேலையை விட்டா குழந்தைக்குப் பால் இல்லை. மருந்தை விட்டா நானே இல்லை. ரெண்டுல எதை விடறதும்மா? இந்த மாசம் ஓட்டிடுவேன், அப்புறம் விட்டுடப் போறேன்" என்றாள். எதை விடப் போகிறாள் என்று அவள் சொல்லவில்லை. ரொட்டிக் கம்பெனி நம் தெருமுனையில் அல்லவா இருக்கிறது. நம் முற்றத்து ஜன்னல் திறந்தால் அவளால் இடைவேளையில் வந்து போய்விட முடியும்.

உன் மாமாதான் தெருச் சங்கத் தலைவன். இரும்புக் கடையைப் பூட்டிவிட்டு நேரே இங்கே வந்தான். வழி கொடுத்தால் ஏன் கொடுத்தாய் என்று கேட்பார்கள், கேட்டால் நீ சொல்லிவிடுவாய், எனக்குத் தெரியும் என்றான். அப்புறம் அழுதுகொண்டே, "செத்தவளைத் திரும்பவும் சாகடிக்காதேக்கா. இப்ப அவளை நல்ல பொண்ணுன்னு பேசறாங்க. அது இருந்துட்டுப் போகட்டும்" என்றான். அவன் உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன். உன் சவப்பெட்டிக்கு ஆணிகூட வேறு கடையில் வாங்கவிடாதவன். அவன் அழுதபோது முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

நாளைக்கு ஆஸ்பத்திரி முன்னறையில் கூட்டம். நான் என்ன செய்யட்டும்? நெட்டை உட்கார்கிற இடத்தில் உன்னைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியுமா? தினமும் காலையில், உனக்குக் கிடைக்காமல் போனதை யார் யாரோ வாங்கிப் போவதைக் கொடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இருக்கிறதா என்று தெரியவில்லை, கிலுகிலு. நிஜமாகவே தெரியவில்லை.

*

இதுவரை எழுதியதை மடித்துத் துணி எண்ணும் மேஜையின் இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். இன்றுதான் எடுத்தேன். விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

கூட்டத்துக்குப் போனேன். பேசக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், சத்தியமாக. கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். தண்ணீர் லாரிக்காரர்தான் ஆரம்பித்தார். "காய்ச்சல் இருமல்னு வரட்டும், யார் வேணாம்னா? இதுங்கல்லாம் நம்ம வாசல்ல வந்து நிக்கணுமா?" என்றார். டியூஷன் டீச்சர் பிள்ளைகள் நடமாடுகிற தெரு என்றாள். டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். பொசுங்கிய கோட்டையே அன்றைக்கும் போட்டிருந்தாள். வேறு கோட்டு இல்லை போலிருக்கிறது. இன்ஷூரன்ஸ்காரர் எழுந்து, "நல்ல திட்டம்தான்மா, ஆனா எங்களுக்கு எதுக்கு? நம்ம தெருவுல இந்தச் சீக்கு யாருக்கு இருக்கு? ஒரே ஒருத்தரைக் காட்டுங்க பாப்போம்" என்று கையை விரித்தார்.

உன் மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்த ஆமாம்தான் என்னை எழுப்பிவிட்டது. நீ இந்தத் தெருவில் பிறக்கவே இல்லை என்கிற மாதிரி இருந்தது எனக்கு.

எழுந்து நின்று, "எம் பொண்ணுக்கு இருந்துச்சு" என்றேன்.

அதற்குப் பிறகு என் குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டரம்மாதான் பின்னால் எனக்குத் திருப்பிச் சொன்னாள். நான் சொன்னேனாம்: "நெஞ்சு வலியில சாகலை அவ. மருந்து ரெண்டு பஸ்ஸுக்கு அந்தாண்ட இருந்ததால செத்தா. மழை பெஞ்சா கிடைக்காத மருந்து அது. அவளை உங்க எல்லாருக்கும் தெரியும். உங்க வீட்டுத் துணியை அவ மடிச்சிருக்கா. என் முற்றத்து வழியா வரட்டும். உங்க வாசல்ல ஒருத்தர் நிக்க மாட்டாங்க, என் கொடிக்குக் கீழேதான் நிப்பாங்க. அது ஆகாதுங்கறவங்க, என்கிட்ட போட்ட துணியை நாளைக்கே வந்து எடுத்துக்கலாம்."

அந்த நேரத்தில் டியூஷன் டீச்சர் மட்டும் பக்கத்திலிருந்தவளிடம் "என் போர்வை இன்னும் ஈரமா இருக்குமே" என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நான் உட்கார்ந்துவிட்டேன். தெருவில் நிற்கவில்லை என்றால் எங்களுக்கென்ன என்று ஒவ்வொருவராகச் சொல்லிக் கலைந்தார்கள். உன் மாமா அதற்கு முன்பே எழுந்து போய்விட்டான்.

மறுநாள் மத்தியானம் தண்ணீர் லாரிக்காரரின் பெண்டாட்டி பின்பக்கமாக வந்தாள். ஒரு விரிப்பைக் கொண்டுவந்து வெளுக்கப் போட வேண்டும் என்றாள். பிரித்துப் பார்த்தேன். அழுக்கே இல்லை, துவைத்த மடிப்புகூடக் கலையவில்லை. அடையாளம் போட்டேன். போகும்போது, "அக்கா, அந்த ஜன்னல் எப்போ திறக்கிறாங்க?" என்று கேட்டாள். திங்கட்கிழமை என்றேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். அந்த விரிப்பை நான் துவைக்கவில்லை. ஒருமுறை இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டேன்.

உன் மாமா இன்னும் வரவில்லை. அவன் கடை முன்னால் போகும்போது, கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்கிறான். போகட்டும். ஒருநாள் முதுகு வலித்தால் நிமிர்ந்துதானே ஆக வேண்டும்.

இன்று காலையில் ஜன்னல் திறந்தது. முற்றத்தில் நீளமான விரிப்புகளாகப் பார்த்துக் கட்டிவிட்டேன், வருகிறவர்களைத் தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. துணி மடிக்க நீ உட்கார்கிற பழைய பெஞ்சைக் கழுவிப் போட்டேன். யாரும் வர மாட்டார்களோ என்றுகூட நினைத்தேன். வந்தார்கள். லாரிக்காரர் குல்லாயைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, என்னவோ துணி விஷயமாக வந்த மாதிரி தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

கடைசியில் நெட்டை ஓடிவந்தாள். கையெல்லாம் மாவு. குழந்தையைக் கம்பெனித் தோழியிடம் விட்டுவிட்டு, இடைவேளையில் வந்திருக்கிறாள். நர்ஸ் வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்று மாத்திரையை வைத்தாள். அவள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நீ உட்கார்கிற ஓரத்தில்தான். தெரியாமல்தான் உட்கார்ந்தாள்.

எனக்குப் பழக்கம் விடவில்லை, கிலுகிலு. பக்கத்தில் போய் உட்கார்ந்து வாயைத் திறந்துவிட்டேன். தலையை வாராமல் எந்தப் பெண்ணாவது வேலைக்குப் போவாளா, காலையில் எதையாவது தின்றாயா, குழந்தைக்குச் சளி இருக்கும்போது யாரிடமோ விட்டு வரலாமா என்று ஆரம்பித்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இரண்டு புருவத்தையும் தூக்கினாள்.

உன்னிடம்தான் கற்றிருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரி பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து.

என்னால் அதற்கு மேல் இருக்க முடியவில்லை. உள்ளே போய் மெஷினைப் போட்டுவிட்டேன். அது சத்தம் போட்டுக்கொண்டு கதவு வரைக்கும் நடந்து வந்தது. யாருக்கும் என் சத்தம் கேட்டிருக்காது. திரும்பி வந்தபோது அவள் போயிருந்தாள். பெஞ்சில் மாவுக் கை பதிந்திருந்தது. துடைக்கத் துணி எடுத்தேன், அப்புறம் துடைக்கவில்லை. நாளைக்கும் வருவாள்.

எனக்குக் கோபம் போகவில்லை, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சுவருக்கும் நம் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடம்தான் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கக் கூடிய மருந்து அது. வந்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எவ்வளவு நல்ல பிள்ளைகள், பிழைத்துக்கொள்ளட்டும் என்று மனதாரச் சொல்லிக்கொண்டேன். சொன்ன வாயாலேயே, என் பிள்ளை எங்கே என்றும் கேட்டேன். இரண்டும் என் வாய்தான்.

அங்கே நீ யாரையும் தூக்காதே. யார் கூப்பிட்டாலும் குனியாதே. உன் முதுகு வலிக்காமல் இருக்கட்டும், நனையாத படுக்கையில் நன்றாகத் தூங்கு. சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. நான் இங்கே ஜன்னலையும் பெஞ்சையும் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேசிப் பேசி அலுக்காத உன் அம்மா

எத்தனை நாளாக நான் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறேன், நீ ஒரு புருவத்தைக்கூடத் தூக்கவில்லையே. வாயில் வைத்தது இன்னும் கரையவில்லையாடி, கிலுகிலு?